அறைக்குள் ஆள் கூடாது

இதயத்துணைக் கருவி பதினான்காவது முறையும் சோதனையில் தேறியது. பூங்கோதைக்கு எரிச்சலாக வந்தது.

சோதனை நடந்த அந்த மௌன அறையை வடிவமைத்தவள் அவள்தான். சுவரெங்கும் அலைகளை விழுங்கும் கரிக்கூம்புகள், கதவைச் சுற்றிச் செம்புப் பட்டை. ஓர் அலைகூட உள்ளே வராது, வெளியே போகாது. இங்கே தேறாத மின்கருவியை நாட்டில் விற்க முடியாது. ஆனால் இங்கே தேறிய இதயத்துணையைப் பொருத்திக்கொண்டவர்களில் மூன்று பேர் இந்த மாதம் நின்ற இடத்திலேயே சரிந்து இறந்திருந்தார்கள். அவள் கணவன் தணிகைவேல் நெஞ்சிலும் அதுதான் இருக்கிறது. இன்றுதான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறான்.

“நான் உள்ள உட்கார்றேன் சேவியர். கதவை மூடுங்க,” என்றாள் உதவியாளரிடம்.

“சோதனை நடக்கிறப்ப உள்ள ஆள் கூடாதுன்னு விதி எழுதினதே நீங்கதானே மேடம்?”

“அதனாலதான்.”

மேசைமேல் இதயத்துணை சீராகத் துடித்தது. ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. போதும் என்று சொல்ல, பழக்க தோஷத்தில், காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருந்த செவிமணியைத் தட்டினாள். செல்போன் ஒழிந்தபின் செவிமணி இல்லாத ஆளே ஊரில் கிடையாது.

“சேவியரைக் கூப்பிடு.”

இதயத்துணை தடுமாறியது. பிறகு நின்றுவிட்டது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பேச முயலும்போது தொலைத்தொடர்புக் கோபுரம் எட்டாவிட்டால் செவிமணி முழு பலத்தோடு அலை வீசிக் கத்துகிறது; அந்த அலை இதயத்துணையை நிறுத்திவிடுகிறது. செவிமணியையும் இதே அறையில்தான் சோதித்தார்கள், பக்கத்திலேயே ஒரு போலிக் கோபுரத்தை வைத்து. அப்போது அது முணுமுணுத்தாலே போதுமாக இருந்தது. இதயத்துணையைச் சோதித்தபோதோ அறையில் ஆளே இல்லை. இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டவள் அவள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

“சார் பேசினாரு மேடம்,” என்றார் சேவியர். “ரயில் ஏறிட்டாராம். இனி இருபது நிமிஷம் சுரங்கப்பாதைதான்.”

சுரங்கத்துக்குள் கோபுரத்தின் அழைப்பு எட்டிவிடும்; செவிமணியின் பதில்தான் கோபுரத்தை எட்டாது. யாராவது அழைத்தால் போதும், பதில் சொல்ல அவன் செவிமணி கத்தும். அவள் நெஞ்சு படபடத்தது. செவிமணியில் ஓர் அருமையான வசதி உண்டு: நாடி தாறுமாறாக ஓடினால், கேட்காமலே நெருங்கிய உறவை அழைத்துவிடும்.

“பதற்றப்படாதீர்கள்,” என்றது காதுக்குள் இதமான குரல். “உங்கள் கணவரை அழைக்கிறேன்.”

ஒரு வார்த்தைகூடப் பேச நேரமில்லை. திரும்ப அறைக்குள் பாய்ந்து கதவை இழுத்து மூடினாள். அழைப்பு அறுந்தது. அவன் பிழைத்தான்.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சேவியர் பயந்துபோய் நின்றிருந்தார். நல்ல மனிதர். மேடத்துக்கு ஏதோ ஆகிவிட்டது, வீட்டுக்காரரிடம் சொல்லத்தானே வேண்டும்? அவர் கை மெல்லக் காதுப்பக்கம் போனது.

பூங்கோதை கண்ணாடியில் அறைந்து, வேண்டாம் என்று கத்தினாள். அவள் கட்டிய அறை. சத்தம் வெளியே போகவில்லை. கதவைத் திறந்தால் அவளுடைய செவிமணி அழைக்கும். திறக்காவிட்டால் அவருடையது.

அவள் கை கதவின் பிடியில் இருந்தது.