ரிவர்ஸ் விளக்கு எரியுதா?

காரிலிருந்து குதித்தாள் வாலு. பின்பக்கம் ஓடினாள். குனிந்து பார்த்தாள்.

விளக்கு எரியவில்லை.

மறுபடி ஓடினாள். இருக்கை நுனியில் உட்கார்ந்து, கிளட்சை எட்டி மிதித்து, கியர் கம்பியை வேறு பக்கம் தள்ளினாள். கையை எடுத்ததும் 'டக்'கென்று கம்பி நடுவுக்கே நழுவிவிட்டது.

"செவப்பி, கொஞ்சம் ஒத்துழையேன்! அம்மா வந்துடுவாங்க!"

செவப்பி பதில் சொல்லவில்லை. சொல்லவும் சொல்லாது. அது கார். அம்மாவைவிட மூத்த, இரண்டே இருக்கை கொண்ட, சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார்.

வாலு இந்த ஊருக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அப்பாவுக்குக் கப்பலில் வேலை. அம்மாவுக்கு மருந்துக் கம்பெனியில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச இருந்தது செவப்பி மட்டும்தான்.

"இன்னைக்கும் தனியாத்தான் சாப்பிட்டேன், செவப்பி" என்பாள். செவப்பி பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும்.

பின்வீட்டுப் பெண்ணும் இவள் வகுப்புதான். நடுவில் ஒரு சுவர்தான். ஆனால் இவளைப் பார்த்தால் வாயைத் திறப்பாள். உடனே மூடிக்கொண்டு போய்விடுவாள். "சரியான திமிரு!" என்று செவப்பியிடம் வாலு கோள்கூடச் சொல்லியிருந்தாள்.

இன்று மாலை ரயிலில் அப்பா வருகிறார். புதிதாகக் கார் ஓட்டக் கற்றிருக்கும் அம்மா, முதல் தடவையாகச் செவப்பியை எடுத்துக்கொண்டு போய் அவரை அழைத்து வரப்போகிறார்.

கியர் கம்பியின் உச்சியில் ஒரு மர உருண்டை. வார்னிஷ் உரிந்து, சொறி பிடித்தது போல இருந்தது. அதைப் புதுசாக்கி இருவரையும் அசத்த நினைத்தாள் வாலு. திருகிக் கழற்றினாள். விரிசலில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தாள். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தாள், தேய்த்தாள், அப்படித் தேய்த்தாள். உருண்டை முட்டை மாதிரி வழவழத்தது.

அப்புறம்தான் கவனித்தாள்.

எந்தக் கியர் எந்தப் பக்கம் என்று உச்சியில் மங்கலாக எழுதியிருந்த எண்கள்? அவையும் உப்புத்தாளோடு போயிருந்தன!

அந்த எண்களை நம்பித்தான் அம்மா ஓட்டப்போகிறார். தப்பாக எழுதினால், முன்னால் போகவேண்டிய வண்டி பின்னால் பாயும். பின்னால் சுவர். அப்பாவின் போனோ அணைந்து கிடந்தது.

ரிவர்ஸில் போட்டால் பின்னால் வெள்ளை விளக்கு எரியும். ரிவர்ஸ் எதுவென்று தெரிந்தால், மீதி இடங்களில் ஒன்று, இரண்டு என்று வரிசையாக எழுதிவிடலாம். அதனால்தான் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, சாவியை ஒரே ஒரு திருகு திருகிவிட்டு, இந்த ஓட்டம். ஆனால் ஒருவர் கம்பியைப் பிடிக்கவேண்டும். ஒருவர் விளக்கைப் பார்க்கவேண்டும். வாலுவிடம் இருந்தது ஒரே ஒரு வாலு.

அவள் கண்கள் கலங்கின.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பின்வீட்டுப் பெண்! ஒரு வாரமாக அவளுக்குச் சளி.

திமிர் பிடித்தவளிடம் போய்க் கேட்பதா? கேட்டுவிட்டாள்.

"ஏய்... இங்க ஒரு விளக்கு எரியுதான்னு பார்த்துச் சொல்றியா?"

மடமடவென்று வாளி கவிழும் சத்தம். சுவருக்கு மேல் ஒரு தலை முளைத்தது. காரைப் பார்த்தது. கண்கள் அகல விரிந்தன.

"எது? இந்த வெள்ளையா?" என்றது தலை.

"அதேதான்!" வாலு கம்பியை வலது பக்கம் கீழே இழுத்துப் பிடித்தாள். "இப்ப?"

"இல்ல."

வலது மேலே. "இல்ல." நடுவில் மேலே, கீழே. "இல்ல, இல்ல. பல்பே செத்துப்போச்சோ?"

"வாயைக் கழுவு!"

இடது பக்கம் மேலே தள்ளினாள்.

"எரியுது! எரியுது!"

வாலுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யய்யோ, நான் அங்கதான் ஒண்ணுன்னு எழுத இருந்தேன்!"

"எழுதியிருந்தா எங்க சுவரு போயிருக்கும்."

"சுவரா? நீயே போயிருப்பே!"

இருவரும் சிரித்தார்கள்.

ரிவர்ஸுக்கு நேர் கீழே ஒன்று. பிறகு மேல் கீழாக மற்றவை. வெள்ளைப் பெயிண்டில் பல்குத்தும் குச்சியைத் தோய்த்து எழுதினாள் வாலு. அதன்மேல் அம்மாவின் நிறமில்லாத நகப்பூச்சு. உருண்டை பளபளத்தது.

அம்மா வந்தார். கியர் உருண்டையைத் தடவிப் பார்த்தார்.

"அடி வாலு! நீயா பண்ணே?" என்றவர், சட்டென்று முகம் வாடினார். "ரெண்டு சீட்டுதானே இருக்கு. நீ வா. அப்பா வேணா ஆட்டோவுல வரட்டும்."

வாலுவுக்குப் போக ஆசை. கொள்ளை ஆசை. ஆனால் அப்பா செவப்பியைப் பார்த்தே எத்தனையோ மாதம் ஆகிறது.

"அப்பா இதுலயே வரட்டும்மா. நான் இருக்கேன்."

அம்மா எண்ணைப் பார்த்து ஒன்றில் போட்டார். செவப்பி குலுங்கியது, சமர்த்தாக முன்னால் போனது. தெருமுனை திரும்பியது. மறைந்தது.

முற்றத்தில் ஓர் எண்ணெய்க் கறை மட்டும் மிச்சம். இப்போது பேசுவதற்குச் செவப்பிகூட இல்லை. வாலு கறையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போயிடுச்சா?" என்றது சுவர்மேல் தலை.

"ம்."

"நான் திமிர் பிடிச்சவளாமே?"

வாலுவுக்குக் காது சிவந்தது. "அது... உனக்கும் கேட்டுச்சா?"

"தினமும் இங்கதான் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதறேன். எல்லாம் கேட்கும்."

"அப்ப ஒரு மாசமா ஏன் ஒரு வார்த்தை பேசல?"

தலை மூக்கை உறிஞ்சிக்கொண்டது.

"உனக்குத்தான் செவப்பி இருக்காளே, நடுவுல நான் எதுக்குன்னு நினைச்சேன். இன்னைக்கு வாளி மேல ஏறினப்பதான் தெரிஞ்சுது... அவ காரு!"