ஒன்பது நிமிட டைட்டானியம்

சத்தியமாகச் சொல்வது: இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஐயம் இருப்பவர்கள் கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளிச் சோதனைச்சாவடி அதிகாரி சென்னியப்பனைக் கேட்டுக்கொள்ளலாம். இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டில் அங்கே கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

அந்த ஆண்டில் மிதிவண்டியின் உடற்சட்டத்தை யாரும் இரும்பா அலுமினியமா என்று பார்த்து வாங்குவதில்லை. எல்லோருக்கும் ஒரே சாம்பல்நிற மனவார்ப்பு வண்டிதான். கைப்பிடியை ஒன்பது நிமிடம் பிடித்தால் போதும். சட்டத்துக்குள் இருக்கும் நுண்மணிகள் உள்ளங்கை வழியாக மனசைப் படித்து, அதற்கேற்ற பொருளாக இறுகிவிடும். கோபக்காரனுக்கு இரும்பு. பகட்டுக்காரனுக்குக் கார்பன். சொன்னதை மறுநாளே மறப்பவனுக்கு அலுமினியம். யார் என்ன சொன்னாலும் வளைந்து கொடுப்பவனுக்கு மூங்கில். வாய் பேசாமல் காரியத்தை முடிப்பவனுக்கு மட்டும் டைட்டானியம். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் மாமனார் வாசலுக்குப் போய் அவன் வண்டியைச் சுண்டிப் பார்ப்பார்.

கொல்லிமலைக்கு மருந்து கொண்டுபோகும் வேலைக்கும் இதே விதி. மண்சரிவுக்குப் பயந்து எஞ்சின் வண்டிகளை நிறுத்தியாயிற்று. ஆளில்லாப் பறவைப்பொறிகளை மேகம் விழுங்கிவிடுகிறது. மிச்சம் மிதிவண்டிதான், அதுவும் டைட்டானியம் இல்லாதவர் கையில் மருந்துப் பெட்டியைக் கொடுக்க மாட்டார்கள். மற்றவர்களுக்குப் பாதி மலையில் மனம் மாறிவிடுமாம். பழைய ஆளின் சட்டம் அப்படித்தான் அலுமினியமாகி, மூன்று வாரமாக மருந்து போகவில்லை.

மேலே செம்மேட்டில் சர்க்கரை நோயாளிகள் முப்பத்தெட்டுப் பேர். அதில் ஒருவர் சடையன். அவருடைய தங்கை பூவாயி அந்த வேலையை வாங்கியே தீர்வது என்று மலையடிவாரத்துக்கு வந்து நின்றாள்.

முதல் நாள் கும்பிட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தாள். மூங்கில்.

"ஏனுங் அம்மணி, இதுல பந்தல் போடலாம். மலை ஏற முடியாதுங்" என்றார் சென்னியப்பன்.

அவர் சொன்ன சொல் இரவெல்லாம் உறுத்தியது. மறுநாள் இரும்பு. மூன்றாம் நாள் கண்ணாடி முன் நின்று மன உறுதியான முகத்தைப் பழகிக்கொண்டு வந்தாள். பளபளவென்று கார்பன்.

"நாளைக்கும் வருவேனுங்."

"வாங்க வாங்க. இன்னும் தகரம் ஒண்ணுதான் பாக்கி."

நான்காம் நாள் கைப்பிடியைப் பிடித்திருக்கும்போதே சாவடித் தொலைபேசியில் சடையன் பேசினார். "பூவாயி, கடேசி ஊசியும் போட்டாச்சு புள்ள."

"நான் வாரேண்ணா."

"எப்புடி வருவே? உனக்குத்தான் வண்டி..."

"வாரேன்னு சொன்னேன்ல. கஞ்சி வச்சிரு."

சட்டம் 'டிங்' என்றது. வெளிறிய வெள்ளி நிறம். சென்னியப்பன் எழுந்து வந்து சுண்டிப் பார்த்தார். பிறகு மருந்துப் பெட்டியை எடுத்து வண்டியில் கட்டிவிட்டு, விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார்.

எழுபது கொண்டையூசி வளைவுகள். பதினெட்டாம் வளைவில் பூவாயிக்குக் குதிகால் வெடித்தது. முப்பதில் மழை. நாற்பத்தொன்றில் ஒரு குரங்கு பெட்டிமேல் கை வைத்தது. அவள் பார்த்த பார்வையில், மன்னிப்புக் கேட்காத குறையாக இறங்கிப் போனது. பழைய ஆள் மூன்று மணி நேரத்தில் ஏறிய மலையை அவள் எட்டு மணி நேரத்தில் ஏறினாள். வழியில் ஓரிடத்திலும் சட்டத்தின் நிறம் மாறவில்லை.

"கஞ்சி ஆறிப்போச்சு" என்றபடி கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார் சடையன்.

மலைமருந்து வாரியம் அந்த எட்டு மணி நேரத்தைத் தீர ஆராய்ந்தது. அவ்வளவு நேரம் மனம் தளராத ஆள் ஏட்டிலேயே இல்லை என்று கண்டு, வேலையை நிரந்தரமாக்கியது. அத்தோடு விடாமல், மாவட்டத்தின் முதன்மை மிதிவண்டிப் பயிற்றுநர் பதவிக்கும் அவளைக் கூப்பிட்டது. அதற்கான தேர்வும் அதே ஒன்பது நிமிடம்தான். டைட்டானியம் தெரிந்ததும் தலைவர் கையெழுத்திட்டார். முதல் வகுப்புக்கு நூற்றிருபது பேர் வண்டியோடு வந்து வரிசையில் நின்றார்கள்.

பூவாயிக்கு மிதிவண்டி ஓட்டத் தெரியாது.