தும்பிக்கு வந்த கடிதம்

அப்பாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. எப்போதும் உறையின்மேல் அம்மாவின் பெயர் இருக்கும். இந்த முறை ‘என் தும்பிக்கு’ என்று எழுதியிருந்தது.

தும்பிக்கு எட்டு வயது. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள், அதனால் அந்தப் பெயர். அவளுடைய அக்காவுக்குப் பதினொரு வயது. வாய் ஓயாது, அதனால் மைனா. அப்பா ஆற்றில் சரக்குப் படகு ஓட்டுகிறவர். மாதக்கணக்கில் தண்ணீர்மேல்தான் இருப்பார். அங்கே போன் எடுக்காது. கடிதம்தான்.

“குடு, நான் படிச்சுக் காட்டுறேன்,” என்று மைனா கையை நீட்டினாள்.

தும்பி கடிதத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். “வேணாம். இது எனக்கு வந்தது. நானே படிப்பேன்.”

மைனா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். தும்பிக்குப் படிப்பது லேசில் வராது. புத்தகத்தைத் திறந்தாலே எழுத்துகள் மீன்குஞ்சுகளாகி நீந்திப் போகின்றன என்பாள் தும்பி. வகுப்பு ஆசிரியை அம்மாவை அழைத்துச் சொல்லியிருந்தார்: “இவ சோம்பேறியும் இல்ல, மக்கும் இல்ல. இதுக்கு டிஸ்லெக்ஸியான்னு பேரு. எழுத்தும் ஓசையும் மனசுல சட்டுன்னு ஒட்டாது. வேற மாதிரி, மெதுவா சொல்லிக்குடுத்தா வந்துடும்.”

அந்த ‘வேற மாதிரி’ எந்த மாதிரி என்பதுதான் வீட்டில் யாருக்கும் பிடிபடவில்லை.

வீட்டின் முன்னறையில் அம்மா துணிகளுக்கு இஸ்திரி போடுவாள். மதிய வேளையில் அந்த அறை முழுக்க வெள்ளை ஆவி மிதக்கும். ஜன்னல் வெயில் அதற்குள் நுழைந்ததும் மேகத்துக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அந்த மேகத்துக்குக் கீழே, மேசைக்கடியில், பள்ளி விடுமுறையில் தும்பி மூன்று நாளாகக் கடிதத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாம் நாள் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மைனா குனிந்து பார்த்தாள்.

“ஒரு எழுத்தைப் பிடிச்சா, பக்கத்து எழுத்து ஓடிப்போகுது அக்கா.”

மைனா பிடுங்கிப் படித்தால் ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் அவளுக்கும் தலை வெடித்தது. ஆனால் தும்பி கடிதத்தைக் குருவிக்குஞ்சைப் பிடிப்பதுபோல இரண்டு கைக்குள்ளும் பிடித்திருந்தாள். கேட்க மனம் வரவில்லை.

மைனா யோசித்தாள். சட்டைக்குள் வைத்து மடிக்கும் அட்டை ஒன்றை எடுத்தாள். நடுவில் கத்தரியால் சின்ன ஜன்னல் வெட்டினாள்.

“இதை லெட்டர் மேல வை. ஒரு வார்த்தை மட்டும் எட்டிப் பார்க்கட்டும். மத்ததெல்லாம் கதவுக்குப் பின்னால வரிசையில நிக்கட்டும்.”

தும்பி வைத்துப் பார்த்தாள். “ஓடல!” என்றாள் கிசுகிசுப்பாக. பிறகு முகம் வாடியது. “ஆனா இது என்ன எழுத்துன்னு தெரியலையே.”

“தெரியாததை மட்டும் எனக்குக் காட்டு. மத்ததை விரலால மறைச்சுக்கோ. சத்தியமா எட்டிப் பார்க்க மாட்டேன்.”

“நீ பார்ப்பே.”

“சரி, ஒரு கண்ணை மூடிக்கிறேன்.”

அம்மா மேசைமேல் கருநீலப் போர்வை ஒன்றை விரித்திருந்தாள். துணியில் தெளிக்க வைத்திருந்த கிண்ணத்துத் தண்ணீரில் மைனா விரலை நனைத்து, போர்வையில் அந்த எழுத்தைப் பெரிதாக எழுதினாள். தும்பி அதன்மேல் தன் விரலை ஓட்டினாள். ஓட்டிக்கொண்டே இருவரும் ஓசையைச் சொன்னார்கள்.

“ண... ண... இது மூணு சுழி. ன-வுக்கு ரெண்டுதான்.”

தும்பி தனியாக எழுதிப் பார்த்தாள். சுழி நான்காகிவிட்டது. அவள் பயந்து அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் நகர்த்தினாள். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. தப்பு எழுத்து காற்றில் மிதந்து, ஜன்னல் வழியாக வெளியே போயிற்று.

“போயிடுச்சு. வேற எழுது,” என்றாள் அம்மா.

அதன்பின் ஒவ்வொரு மதியமும் எழுத்துகள் அந்த அறையில் ஆவியாகப் பறந்தன. ‘ஞ’ மட்டும் இரண்டு நாள் எடுத்துக்கொண்டது. “பூனை வாலைச் சுருட்டிட்டுப் படுத்திருக்கு,” என்று தும்பி கண்டுபிடித்த பிறகுதான் அது வசப்பட்டது.

ஒரு வரி முடிந்ததும் தும்பி செய்தி வாசிப்பாள்: “படகுல ஒரு வாத்து தூங்குதாம். அப்பாவோட தொப்பியில!”

“அப்புறம்? அப்புறம்?” என்பாள் மைனா.

“நாளைக்குத்தான்.”

மைனா தலையணையைக் கடித்துக்கொள்வாள்.

பத்தாம் நாள் கடைசி இரண்டு வரிகள் மீதமிருந்தன. தும்பி அட்டையை ஒவ்வொரு வார்த்தையாக நகர்த்தினாள்.

“இரு-பதாம் தேதி... ஞா-யிறு... நாலு மணிக்கு... எங்க படகு... உங்க பாலத்துக்கு... அடியில போகும். நிக்காது. மூணு பேரும்... மேல வந்து... நில்லுங்க.”

அம்மா இஸ்திரியைப் பாதியில் நிறுத்தினாள்.

“இன்னிக்கு என்ன தேதி?” என்றாள் அம்மா.

“இருபது!” என்று மைனா அலறினாள். “ஞாயிறு! மணி மூணரை!”

அம்மா இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். ஒரு காலில் தன் செருப்பும் மறுகாலில் மைனாவின் செருப்புமாக ஓடினாள். மூவரும் கடைத்தெருவைத் தாண்டி, மூச்சிரைக்கப் பாலத்தின் நடுவில் வந்து நின்றார்கள்.

ஆற்றின்மேல் மெல்லிய மூடுபனி படர்ந்திருந்தது. தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதற்குள்ளிருந்து நீளமான படகு ஒன்று, தூக்கத்தில் நடப்பதுபோல, சத்தமில்லாமல் வந்தது. முன்னால் ஒருவர் இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு நின்றார்.

“அப்பா!”

“வந்துட்டீங்களா!” அப்பாவின் குரல் தண்ணீர்மேல் வழுக்கி வந்தது. “மைனா, படிச்சுச் சொல்லிட்டியா?”

“நான் படிக்கல அப்பா!” என்று மைனா கத்தினாள்.

தும்பி கம்பிகளுக்கிடையே முகத்தை வைத்து, முழு மூச்சையும் இழுத்துக் கூவினாள். “நானே படிச்சேன்!”

படகு பாலத்துக்கு அடியில் நுழைந்தது. அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மூவரும் பாலத்தின் மறுபக்கம் ஓடினார்கள். படகு வெளியே வந்தபோது அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, படகில் இருந்த எல்லோரிடமும் மேலே கையைக் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“அவளே படிச்சாளாம்! கேட்டீங்களா? அவளே படிச்சாளாம்!”