பலகைமேல் நிற்பவர்கள்

நெல் அறைக்குள் இருந்த மர ஆட்களில் ஒன்று சூடாக இருந்தது.

கருத்தம்மாள் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக வெயில் பட்டிருக்கும் என்று நினைத்தாள். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

மூட்டை அடுக்குவதற்கென்று அவளுடைய அப்பா கட்டிய அறை அது. எலி நுழையக் கூடாதென்று சுவரில் ஒரு துளைகூட விடவில்லை. மார்க்கையன்கோட்டையில் வயலும் வீடும் உள்ள ஒரே மகள் என்பதால், அம்மை கண்ணிரண்டையும் கொண்டுபோய் முகமெங்கும் தழும்பை விட்டுவைத்த பிறகும் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ராக்கப்பன், போடி லைனில் எஞ்சின் டிரைவர். போடியிலேயே தங்கிக்கொண்டு, அறுப்புக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்து போவான். அவன் இல்லாத நாட்களில் வைக்கோல் வாசம், மாடு அசைபோடும் சத்தம், வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டால் தரை வழியாக ஏறும் குளிர்ச்சி என்று வீடு முழுக்க அவளுடையதாக இருந்தது. சண்டைக்கு இரும்பு வேண்டுமென்று சர்க்கார் மதுரையிலிருந்து போடி வரைக்கும் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போன வருசம், ராக்கப்பன் ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினான். திரும்பிப் போகவில்லை.

வந்த கையோடு மூட்டைகளை வெளியேற்றிவிட்டு நெல் அறையில் பலகை அடித்தான். இடுப்பு உயரத்தில், சுவரை ஒட்டி ஒரு முழுச் சுற்று; தான் வண்டி ஓட்டிய லைனைச் சின்ன அளவில் அதன்மேல் கட்டத் தொடங்கினான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தண்டவாளம் செய்தான்; மூங்கில் சிம்பில் கட்டைகள் போட்டு, சல்லியைச் சலித்துப் பரப்பினான். மதுரையில் வாங்கிய, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை எஞ்சின் ஒன்று அவனிடம் இருந்தது. மரம் ஒட்ட வஜ்ஜிரப் பசை காய்ச்சுகிற நாற்றம், மாட்டுத்தோல் தீய்ந்தது போன்ற நாற்றம், அன்றிலிருந்து அவள் சேலையிலும் சோற்றிலும்கூட ஏறிக்கொண்டது.

முதல் நாள் அவனே அவள் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிப்போய், விரலை ஒரு தகரத்தின்மேல் வைத்தான். அப்போதுதான் பற்றவைத்த ஈயம். அவள் அலறி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"பாத்துத் தொடணும்ல, புள்ள" என்றான்.

இருந்தும் அவன் ஆற்றுக்குக் குளிக்கப் போகிற நேரங்களில் அவள் அந்த அறைக்குப் போனாள். ரயிலில் ஒருதரம் மதுரைக்குக் கூட்டிப் போங்கள் என்று எத்தனையோ வருசம் கேட்டிருக்கிறாள். கண்ணில்லாதவளுக்கு ரயில் எதற்கு என்று சொல்லிவிடுவான். இப்போது அவள் விரல் மதுரையில் ஏறி, உசிலம்பட்டியில் சற்று நின்று, கணவாயின் மண் மேட்டுக்குள் நுழைந்து, ஆண்டிபட்டியில் வெளியேறி, வைகைப் பாலத்தைக் கடந்து தேனிக்குள் போகும். வழியெல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய ஆட்கள், விரல் நீளத்தில். எல்லாம் குளிர்ந்த மரம். தேனியைத் தாண்டிய ரயில்வே கேட்டில் நின்றது மட்டும்தான் சூடு. அதுவும் தண்டவாளம் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

மறுநாள் வீடு மெழுக வந்த ஜக்கம்மாளை அவள் உள்ளே அழைத்துப் போனாள்.

"யாரு யாரு நிக்கிறான்னு பாத்துச் சொல்லு."

ஜக்கம்மாள் முதலில் சிரித்தாள். ராட்டை மாதிரி இருக்கு, ராட்டினம் மாதிரி இருக்கு என்று ஏதோ பேசிக்கொண்டே நடந்தாள். பாலத்துக்குப் பக்கத்தில் பேச்சு நின்றது.

"இது நம்ம சின்னக்கருப்புல்ல?"

"எந்தச் சின்னக்கருப்பு?"

"ஆட்டைப் பத்திக்கிட்டுப் பாலத்துல போகயில, உங்க வீட்டுக்காரவுக வண்டியில அடிபட்டுச் செத்தானே தாயி. அந்த ஒத்தக் காது அறுந்தது மொதக்கொண்டு செஞ்சிருக்காக." அவள் பாதம் தரையில் இழுபட்டது. "இங்கன ஒருத்தி இடுப்புல பிள்ளையோட நிக்கிறா. ஆண்டிபட்டி நெசவுக்காரி. அவளும் அதே வண்டிதான். இந்தக் கிழவனும்."

"உசுரோட இருக்கிறவுக ஒருத்தருமே இல்லையா?"

ஜக்கம்மாளின் காலடி கேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"ஒண்ணு இருக்கு."

"யாரு?"

"முகம் பூரா ஊசியால குத்திக் குத்தி வச்சிருக்காக, தாயி."

அவள் சாணி வாளியைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

கருத்தம்மாள் தனியாக நின்று கேட்டுக்குக் கையை நீட்டினாள். சூடு மாறவில்லை, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றிபோல இருந்தது. முகத்தில் சின்னச் சின்னக் குழிகள். இடது புருவத்துக்குக் கீழே ஒரு ஆழமான குழி. தன் புருவத்தைத் தடவிப் பார்த்தாள். அதே இடம். கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று மரம். அதன் கழுத்தில் விரல் பட்டபோது அடியில் ஏதோ மெல்லத் துடித்தது. தன் விரல் நரம்புதான் துடிக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவனுக்குச் சோறு போட்டாள். குழம்பை ஊற்றினாள்.

"என்னைய எதுக்குங்க அங்கன வச்சிருக்கீக?"

அவன் மென்று விழுங்கினான். அவசரமே இல்லை.

"எஞ்சின்ல நிக்கிறவனுக்கு ஒண்ணு தெரியும், புள்ள. தண்டவாளத்துல மாட்டுனவன் கடைசியா அண்ணாந்து நம்ம முகத்தைத்தான் பாப்பான். பெத்த தாயி முகம் இல்ல, சாமி முகம் இல்ல. நம்ம முகம். அப்பிடி ஒரு பார்வை வேற எங்கயும் கிடைக்காது."

"பிரேக்கு இருக்குமே."

"இருக்கும். சில நேரம் போட்டிருக்கலாம்தான்." வாழைத்தண்டைக் கடிக்கும் சத்தம் கேட்டது. "லைனையே பிடுங்கிட்டுப் போயிட்டானுக. அப்பறம்தான் உன்னைய யோசிச்சேன். உனக்குத்தான் பாக்க முடியாதே. பாக்க முடியாதவ அந்த நேரத்துல எதைப் பாப்பா?"

கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அவனிடம் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குத் தைரியம் வந்திருக்கும்.

அனுமந்தன்பட்டியில் அவளுடைய அத்தை மகன் ஒச்சாண்டி இருக்கிறான். வண்டிப் பாதையோடு, மாட்டுச் சலங்கை போகும் திசையில் நடந்தால் யாராவது கைபிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். மறுநாள் சாயங்காலம் ராக்கப்பன் வாசலைத் தாண்டிப் போகும் செருப்புச் சத்தம் தேய்ந்ததும், மாற்றுச் சேலையை மூட்டை கட்டினாள். கிளம்புமுன் நெல் அறைக்குள் போனாள். தன்னை அங்கே விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

பொம்மை சல்லியோடு ஒட்டியிருந்தது. பிடித்து இழுத்தாள். கணுக்காலோடு முறிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு தன் காலைத் தடவினாள். ஒன்றும் ஆகவில்லை. அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய்த் தணலில் போட்டாள். மரம் எரிந்தது, எந்த மரமும் எரிவதுபோலப் படபடவென்று. தன் உடம்பில் ஒரு பொட்டுச் சூடுகூட இல்லை. இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று, பல மாதங்களுக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்தாள்.

மூட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுக்கு வந்தபோது நெல் அறைப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. அவன் போகவே இல்லை போலிருக்கிறது. அல்லது திரும்பிவிட்டான். அவள் அசையவில்லை. பலகையைச் சுற்றி நடந்தது அந்தச் சத்தம். கேட்டுக்கு நேராக நின்றது.

"இடம் காலியா இருக்கே" என்றான். அவளிடம் சொன்னது மாதிரி இல்லை. பிறகு உளி மரத்தைச் சீவும் சத்தம் ஆரம்பித்தது.

அவள் தாழ்ப்பாளை விலக்கி ஓடினாள்.

கொல்லையில் முதலில் மாட்டுத்தொழுவத்தின் மூத்திர வாடை வர வேண்டும். வரவில்லை. வஜ்ஜிரம்தான் நாறியது. கல்தொட்டி வலது கைக்குத் தட்டுப்பட வேண்டும். காற்றுதான் தட்டுப்பட்டது. நாலு எட்டு வைத்ததும் காலடியில் கற்கள் குத்தின. கொல்லையில் கல் கிடையாது. குனிந்து தடவினாள். உடைத்த கருங்கல், ஒவ்வொன்றும் தலை அளவு. அதற்கப்பால் ஏதோ குறுக்கே கிடந்தது. முழங்கால் உயரம். தகரம். ஓரத்தில் கத்தரிக்கோல் வெட்டிய பிசிறு, அரிவாள் முனை அளவுக்கு.

திரும்பினாள். வாசற்படி இல்லை.

"ஜக்கம்மா" என்று கத்தினாள். திறந்த வெளியில் குரல் கரைந்து போகும். இது கரையவில்லை. எங்கோ தொலைவில் நான்கு சுவர்களில் மோதித் திரும்பி வந்தது.

பக்கத்தில் யாரோ நின்றார்கள்.

கையை நீட்டினாள். தோள். இழைக்காத மரம், சிலாம்பு குத்தியது. இடுப்பில் ஒரு பிள்ளை. பிள்ளையின் வாய் திறந்திருந்தது. உள்ளே ஈரம்.

"ஆடாதே அக்கா" என்றது ஒரு பெண் குரல், காற்றை விடவும் மெல்ல. "ஆடுனா வலி சாஸ்தி."

"நான் எங்கன இருக்கேன்?"

"தெனமும் வரும். எங்க மேலயும் தெனமும் வரும். செத்துட்டா முடிஞ்சுச்சுன்னு நினைச்சோம்."

தகரம் நடுங்கத் தொடங்கியது.

காலைத் தூக்கினாள். வரவில்லை. மற்றக் காலும். உள்ளங்கால் கல்லோடு கல்லாக இறுகியிருந்தது. மூட்டையைப் போட்டுவிட்டுக் கையால் காலைப் பிய்க்கக் குனிந்தாள். இடுப்பு மடங்கவில்லை.

மேலிருந்து பீடி வாடை இறங்கியது. உலக்கை பருமனில் இரண்டு விரல்கள் அவள் தலையைப் பின்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தன. கழுத்து அண்ணாந்தபடி நின்றுவிட்டது. இடது கண் இருந்த இடத்தில் உளியின் முனை. குளிர்ந்தது. குடைந்தது. வலி இல்லை. மரத்தூள் கன்னத்தில் உதிர்ந்தது. பிறகு வலது கண்.

வெளிச்சம்.

சின்னப் பிள்ளையில் போன வெளிச்சம். அவள் பார்த்தாள். வானம் இருக்க வேண்டிய இடம் முழுக்க ஒரு முகம். மயிர்க்கால் ஒவ்வொன்றும் கிணறு. பல் இடுக்கில் வாழைத்தண்டு நார்.

"தெரியுதா, புள்ள?"

பக்கவாட்டில் சக்கரங்கள் வந்துகொண்டிருந்தன. நெசவுக்காரியின் பிள்ளை அழ ஆரம்பித்தது. திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. மூடிக்கொள்ள இமை இல்லை. அவன் அதைச் செதுக்கவில்லை.

முகம் இன்னும் கொஞ்சம் குனிந்தது.