மருந்து படாத இடம்

தைத்துக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால், கையிலிருக்கும் ஊசியைப் பக்கத்து நிலைச்சட்டத்தில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போவது அவளுக்குப் பழக்கம். வைரம் பாய்ந்த மரம் என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்த நிலை அது. ஊசியின் நுனி மட்டும்தான் அதில் இறங்கும், அதற்கே கட்டைவிரல் வலிக்க அழுத்த வேண்டும். அன்று கூடத்திலிருந்து அண்ணன் தண்ணீர் கேட்டான். அவள் திரும்பிப் பார்க்காமலேயே ஊசியைக் குத்தினாள். ஊசி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. வெண்ணெயில் இறங்குவதுபோல வழுக்கிக்கொண்டு காது வரைக்கும் உள்ளே போய், கடைசியில் நூல் மட்டும் வெளியே தொங்கியது.

நூலைப் பிடித்து இழுத்தாள். ஊசி வந்துவிட்டது. அதன் முனையில் வெள்ளையாக, ஈரமாக, வெந்த அரிசி மாதிரி ஏதோ ஒன்று குத்துப்பட்டுக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

பூச்சியைப் பார்த்தால் செருப்பைத் தேடுகிறவர்கள் ஒரு ரகம் என்றால், அவள் சோப்பைத் தேடுகிற ரகம். ஈ உட்கார்ந்த டம்ளரைக்கூட இரண்டு முறை கழுவுவாள். விரலில் எதுவும் ஒட்டவில்லை என்று தெரிந்தும் புடவையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், அப்புறம் குழாயடிக்குப் போய்த் தோல் சிவக்கத் தேய்த்துக் கழுவினாள்.

"ஏய் ஊசிக்காரி, தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு? செத்துப் போனப்புறம் வாயில ஊத்தலாம்னு இருக்கியா?"

"நிலை முழுக்கக் கரையான்ணா."

"கரையான்தானே? நான் பாம்புன்னுல்ல பயந்துட்டேன். சாப்பிட்டுப் போகட்டும் விடு, பாவம்."

அவனால் படுத்தபடியே சிரிக்கத்தான் முடியும். லாரி ஓட்டி ஓட்டியே முதுகெலும்பைத் தேய்த்துக்கொண்டவன். மெத்தை கூடாது, வெறும் பலகையில்தான் படுக்க வேண்டும், அசைத்தால் கால் இரண்டும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூடத்துச் சுவரை ஒட்டிப் போட்ட பழைய மரக்கட்டிலில் மல்லாந்து கிடந்தான். துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் வாசல் கதவைத் தட்டினால், அவள் எழுந்திருக்கும் முன்பே அவன் குரல் கொடுத்துவிடுவான்: "உள்ள வாங்க, கதவு திறந்துதான் இருக்கு!" பக்கத்து வீட்டுப் பூனை முட்டினாலும் அதே உபசாரம்தான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான். அவனை மறுபடி நடக்க வைத்துவிட வேண்டும், வேறு எதுவும் அவளுக்கு வேண்டியதில்லை.

கரையானுக்கு மருந்து அடிக்கும் மருந்துக்காரர் வந்தார். வாயாடி மனிதர். நிலைச்சட்டத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். டொக், டொக், டொக். அப்புறம் ஓர் இடத்தில், பொத்.

"பாருங்க, வெளியில பெயின்ட் மட்டும்தான் நிக்குது. உள்ள காலி. இவனுங்க அப்படித்தாங்க. வெளிச்சம் ஆகாது இல்ல? அதனால தோலைத் தொடவே மாட்டானுங்க. தோலை அப்படியே விட்டுட்டு உள்ள தின்னுட்டே போவானுங்க. பார்க்கிறதுக்கு முழுசா இருக்கும். காதை வெச்சுக் கேளுங்களேன்."

மனமில்லாமல் காதை மரத்தில் வைத்தாள். அவர் பக்கத்தில் தட்டினார். ஒரு நொடி அமைதி. பிறகு உள்ளேயிருந்து, காய்ந்த சருகை யாரோ உள்ளங்கையில் நொறுக்குவதுபோல, சரசரவென்று ஒரு சத்தம் எழுந்து ஓய்ந்தது.

"தட்டினா பதிலுக்குத் தட்டுவானுங்க. தலையை மரத்துல மோதி, ஆள் வந்திருக்குன்னு உள்ள இருக்கிறவனுக்குச் சொல்றது."

எத்தனை தலைகள் மோதினால் அந்தச் சத்தம் வரும் என்று நினைத்துப் பார்த்தபோதே அவளுக்கு உடம்பு கூசியது. அன்று காதையும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

சுவரும் தரையும் சேரும் மூலையெங்கும் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் மருந்தை இறக்கி, சிமென்ட்டால் அடைத்துக்கொண்டே வந்தார் மருந்துக்காரர். விடாமல் வீட்டைச் சுற்றி வர வேண்டுமாம், வேலி போடுகிற மாதிரி. மண்ணெண்ணெயும் கசப்பும் கலந்த நெடி தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணனின் கட்டிலருகே வந்ததும் வேலை நின்றது. கட்டிலை நகர்த்தினால்தான் அங்கே துளை போட முடியும். ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு சாண்தான் இழுத்திருப்பார்கள். அண்ணன் போட்ட அலறலில் தெருவில் போன இருவர் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"வேண்டாம், விட்டுடுங்க" என்றாள் அவள். கட்டிலைப் பழையபடி சுவரோடு ஒட்டி வைத்தார்கள்.

மருந்துக்காரருக்குப் பசி வேளை. "ஒரு இடம்தானேங்க. அண்ணன் எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் ஒரு போன் போடுங்க, வந்து முடிச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு எந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அடுத்த சில நாட்கள் அவள் பிணம் வாரினாள். நிலையடியில், அலமாரிக்குப் பின்னால், சன்னல் விளிம்பில் குவியல் குவியலாகச் செத்துக் கிடந்தன. துடைப்பம் பட்டதும் நசுங்கி, பிசுபிசுவென்று தரையில் இழுபட்டன. முறத்தில் வாரும்போது மூக்கைப் பொத்திக்கொண்டாலும் நாக்கில் ஒரு புளித்த ருசி வந்தது. குப்பையில் கொட்டிவிட்டு வந்து வாந்தியெடுத்தாள். ஆனாலும் மனம் நிம்மதியாக இருந்தது. வீடு பிழைத்துவிட்டது என்று நினைத்தாள்.

கட்டிலின் சுவரோரக் காலில் ஒரு மண் கோடு ஓடுவதைப் பார்க்கும்வரை அந்த நிம்மதி நீடித்தது. தரையிலிருந்து கிளம்பி, விரல் தடிமனில், கால் நெடுக ஏறிப் பலகைக்கு அடியில் போய் மறைந்திருந்தது. தொட்டால் ஈரம். கத்தியால் சுரண்டினாள். மண் உதிர்ந்த இடத்தில் வெள்ளைப் பூச்சிகள் முண்டியடித்துக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.

மண்ணெண்ணெய் ஊற்றினாள். மறுநாள் அடுத்த காலில் இன்னொரு கோடு. அதையும் சுரண்டினாள். மறுநாள் இரண்டிலும் புதுமண், முன்னைவிடத் தடிமனாக. மருந்துக்காரருக்குப் போன் செய்தால், "மழைக்காலங்க, மருந்து தங்காது, வெயில் வரட்டும்" என்றார். பிறகு போனை எடுப்பதையே விட்டுவிட்டார்.

வீட்டில் வேறெங்கும் ஒரு பூச்சி இல்லை. நிலையில் இல்லை, அலமாரியில் இல்லை. ஊர்ப்பட்ட வாசலையெல்லாம் அடைத்துவிட்டு, ஒரே ஒரு வாசலைத் தானே திறந்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வாசலுக்கு மேலே அண்ணன் படுத்திருந்தான்.

"அண்ணா, பல்லைக் கடிச்சுக்கோ. நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேன். உன்னை அந்த ரூமுக்கு மாத்திடலாம்."

"மாத்துவே, மாத்துவே. வலி எனக்குத்தானே? டாக்டர் சொன்னது மறந்து போச்சா?"

மறக்கவில்லை. தூக்கினால் கால் போகும். தூக்காவிட்டால் என்ன போகும் என்று எந்த டாக்டரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஒரு காலையில் அவனே கூப்பிட்டான். முகம் மலர்ந்திருந்தது.

"வலி போயிடுச்சுடி."

"நிஜமாவா?"

"சத்தியமா. முதுகெல்லாம் குளுகுளுன்னு இருக்கு. யாரோ தைலம் தேய்ச்சு விடுற மாதிரி."

அவள் அழுதேவிட்டாள். கட்டில் போனால் போகட்டும், இன்னும் கொஞ்ச நாளில் எழுந்து நடந்துவிடுவான் என்று நினைத்து வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போட்டாள். அவனும் வளைத்துக் கட்டினான். தட்டை வழித்துவிட்டு இன்னும் கேட்டான். எவ்வளவு போட்டாலும் பற்றவில்லை.

ஆனால் வாடை ஒன்று வந்தது. படுத்த உடம்பின் வியர்வை வாடை அவளுக்குப் பழகியதுதான். இது வேறு. மழையில் ஊறிய மண்ணும் காளானும் சேர்ந்து புளித்த வாடை. அவன் பேசும்போதெல்லாம் அது முகத்தில் அடித்தது. ஈரத் துணியால் முதுகைத் துடைக்கப் போனால், "திருப்பாதடி, இப்பத்தான் சுகமா இருக்கு" என்று தடுத்துவிடுவான். விரிப்பின் ஓரங்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது.

இடுப்புக்கு அடியில் மலத்தட்டு வைக்க அவனைத் துளி தூக்குவதற்குள் முன்பெல்லாம் அவளுக்கு மூச்சு வாங்கும். இப்போது ஒரே கையால் முடிந்தது. தேறி வருகிறவன் தானே எக்கிக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொண்டாள். தட்டை எடுத்துப் பார்த்தபோது அதில் ஈரமே இல்லை. ஒரு கரண்டி அளவுக்கு மண், சின்னச் சின்ன உருண்டைகளாக. பலகையிலிருந்து உதிர்ந்த மண்ணாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு கொட்டினாள். கையை எத்தனை முறை கழுவினாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் கரன்ட் போய்விட்டது. மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றி எடுத்துக்கொண்டு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெளியே ஓட்டில் மழை கொட்டும் சத்தம், தூரத்தில் ஒரு நாய் விடாமல் குரைக்கும் சத்தம், இவற்றுக்கு அடியில் மெல்லியதாக, காகிதத்தை யாரோ ஓயாமல் கசக்கிக்கொண்டிருப்பது போன்ற ஒரு சத்தம். மழைதான் என்று நினைத்தாள். மழை ஓய்ந்தது. அந்தச் சத்தம் ஓயவில்லை.

அண்ணனின் தண்ணீர் டம்ளரில் ஒரு சிறகு மிதந்தது. கண்ணாடித் தாள் மாதிரி, நீளமாக. எடுத்துப் போட்டாள். இன்னொன்று மிதந்தது. சிறகு முளைத்த கரையான்கள், ஈசல்கள், மெழுகுவர்த்தியைச் சுற்றி வந்துவிட்டன. அவள் முகத்தில் மோதின, கழுத்துக்குள் இறங்கி ஊர்ந்தன, சுடரில் விழுந்து பொரிந்து நாறின. அவற்றைத் தட்டிவிட்டபடி சன்னலைச் சாத்தப் போனாள்.

சன்னல் சாத்தித்தான் இருந்தது. கதவும் சாத்தியிருந்தது.

வெளிச்சத்தைத் தாழ்த்திப் பார்த்தாள். போர்வைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தன.

"அண்ணா."

"ம்."

"உன்னைத் தூக்கப் போறேன். வலிச்சாலும் பரவாயில்ல. தூக்கத்தான் போறேன்."

"தூக்கேன். வலிதான் இல்லையே."

மெழுகுவர்த்தியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை அவன் தோளுக்கு அடியில் நுழைத்தாள். பலகை தட்டுப்படவில்லை. கை போய்க்கொண்டே இருந்தது, அன்றைக்கு ஊசி போன மாதிரி. ஈரமண். கதகதப்பான ஈரமண். அதற்குள் என்னென்னவோ நெளிந்தது. விரல்களால் முதுகைத் தேடினாள். கட்டில் எங்கே முடிகிறது, அண்ணன் எங்கே தொடங்குகிறான் என்று அவள் விரல்களுக்குத் தெரியவில்லை.

கையை உருவினாள். முழங்கை வரைக்கும் வெள்ளை ஊர்ந்தது. புடவையில் துடைத்தாள். தேய்த்தாள். போகவில்லை. கத்த வாயைத் திறந்தாள். ஈசல் ஒன்று நாக்கில் உட்கார்ந்தது. துப்பினாள்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு புன்னகைத்தபடி படுத்திருந்தான். முகம் முழுசாக இருந்தது. கன்னம், கழுத்து, மார்பு, எல்லாம் முழுசு. ஒரு கீறல் இல்லை.

தோலைத் தொடவே மாட்டானுங்க.

வேண்டாம் என்று அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே விரலை மடக்கிவிட்டாள். அவன் மார்பின் நடுவில் தட்டினாள்.

பொத்.

ஒரு நொடி அமைதி.

பிறகு உள்ளேயிருந்து பதில் வந்தது. தொண்டையிலிருந்து தொடை வரைக்கும், உடம்பு நெடுக. சரசரவென்று. தலைகள்.

அண்ணனின் முகம் மலர்ந்தது. வாசலில் யாரோ வந்திருப்பதுபோலத் தலையை லேசாகத் திருப்பினான்.

"உள்ள வாங்க" என்றான் வழக்கமான உற்சாகத்தோடு. "கதவு திறந்துதான் இருக்கு."

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. பற்களுக்குப் பின்னால் இருட்டில் ஏதோ பளபளத்தது. ஓர் ஈசல் நாக்கின் மேல் நடந்து வந்து கீழுதட்டில் நின்றது. ஈரச் சிறகை மெதுவாக விரித்து உலர்த்தியபடி, அவள் கையிலிருந்த மெழுகுவர்த்தியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் தொண்டை நிறைய, தங்கள் முறைக்குக் காத்துக்கொண்டு.

அணைத்தால் இருட்டு. அணைக்காவிட்டால் அவை வெளிச்சத்துக்கு வரும். உருகிய மெழுகு அவள் விரல்களில் வழிந்து இறங்கியது. கதகதப்பாக இருந்தது. சுடவில்லை. அவளுக்கும் வலி போயிருந்தது.