கடல் இருந்த பாதி

"மன்னிக்கவும்... இதை நான்தான் முதலில் பார்த்தேன்."

"பார்ப்பது வேறு, பிடிப்பது வேறு. நான் பிடித்திருக்கிறேன்."

இந்த இரண்டு வசனங்களும் டேனிஷ் மொழியில் பேசப்பட்டவை. பேசிய இருவரும் தமிழர்கள். வேடிக்கை என்னவென்றால், அது இருவருக்குமே முதல் பார்வையில் தெரிந்துவிட்டது. தெரிந்தும் தெரியாத மாதிரி நின்றார்கள். ஒரேயொரு ஈழத்து "ஓம்" வாய் தவறி விழுந்தால் போதும்... ஊர் எது, அப்பா யார், அம்மா எந்தப் பக்கம் என்று விசாரணை தொடங்கிவிடும். அதற்குப் பிறகு எங்கே நிம்மதியாகச் சண்டை பிடிப்பது?

ஓகூஸ் நகரில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சனிக்கிழமைப் பழம்பொருள் சந்தை. வெளியே மழை. உள்ளே பூப்போட்ட கோப்பைகள், ஒற்றைக் கால் இல்லாத விளக்குகள், யாரோ பின்னிய கம்பளிச் சட்டைகள். கடைசி மேசையில் பழைய வரைபடங்கள். அவற்றில் ஒன்று, இரண்டு பெரிய தாள்களாக அச்சிட்ட நகர வரைபடம். நகரத்தின் மேற்குப் பாதி ஒரு தாளில், கிழக்குப் பாதி இன்னொன்றில். வீதிகளின் மேலே சிவப்பு மையில் டிராம் பாதைகள். மேற்குத் தாளின் ஒரு மூலை அவள் கையில் இருந்தது. மறு மூலை அவன் கையில்.

அவன் அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தான். பெரிய கண்கள்... கோபத்தில் இன்னும் பெரிதாகியிருந்தன. இடது கண்ணின் கருமைக்குள் ஒரு சின்னத் தேன்நிறப் புள்ளி. பார்த்த அந்த நொடியில் பிடி தளர்ந்தது. தாள் அவளிடம் போய்விட்டது.

மேசைக்குப் பின்னால் இருந்த டேனிஷ் அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. இரண்டையும் என்னால் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக முடியாது."

கிழக்குத் தாளை விரித்துப் பார்த்த அவள் உதட்டைச் சுழித்தாள். துறைமுகம் கொஞ்சம், மீதி முழுக்கக் கடல். "கடலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அவரே எடுத்துக்கொள்ளட்டும்."

இருவரும் கைபேசியில் காசு அனுப்பினார்கள். இந்த நாட்டில் காசு போனால் கூடவே அனுப்பியவர் பெயரும் போய்ச் சேரும். அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தன் கைபேசியை எட்டப் பிடித்து, மண்டபத்துக்கே கேட்கும்படி வாசித்தார்.

"சா... ரங்... கி. ஜெ... னு... ஷன். எவ்வளவு அழகான பெயர்கள்! நீங்கள் இரண்டு பேரும் ஒரே இடமா?"

ஒளிய இனி இடமில்லை.

மழை இருவரையும் வாசலில் நிறுத்தி வைத்தது. சுருட்டிய தாளைக் குழந்தையைப் போல மேலங்கிக்குள் அணைத்துக்கொண்டு அவள் ஒரு பக்கம். கடலைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மறுபக்கம்.

"இனி டேனிஷில கதைச்சு என்ன பிரயோசனம்?" என்றான் அவன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை மழையின் பக்கம் திருப்பிக்கொண்டாள். "எவ்விடம் நீங்கள்?"

"கிரின்ஸ்டெட்."

"நான் ஊரைக் கேட்டன்."

"அதுதான் என்ர ஊர். அப்பா அம்மாவின்ர ஊர் வேணுமெண்டா அவையிட்டத்தான் கேக்கவேணும்."

சரியான வாய்க்காரன்தான் என்று நினைத்தாள். "கிரின்ஸ்டெட்டுக்கும் டிராமுக்கும் என்ன சம்பந்தம்? அங்க ஒழுங்கா பஸ்ஸே இல்லையே."

"அதாலதான். பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸைத் தவறவிட்டா, அப்பா ஃபக்டறியால வாறவரைக்கும் காத்துக்கொண்டு நிக்கவேணும். நிக்கிற நேரம் ஊர்ப் படத்தில டிராம் பாதை கீறுவன். எங்கட வீட்டு வாசலிலயே ஒரு தரிப்பு..."

"ஆர் ஏறுறது அதில?"

"நான் ஒராள்தான். சனிக்கிழமையில அம்மாவும் ஏறுவா, சாமான் வாங்க."

இந்த முறை அவளால் சிரிப்பை மறைக்க முடியவில்லை. "இப்ப என்ன, டிராம் ஓட்டுறீங்களோ?"

"இல்லை. கண் பாக்கிறன்."

"என்ன?!"

"கண்ணாடிக் கடையில... கண் சோதிக்கிற வேலை."

அவள் முகம் சிவந்தது. சிவந்ததை மறைக்கத் தன் வேலையைப் பற்றி வேகமாகச் சொல்லத் தொடங்கினாள். ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறாள். உள்ளூர் வரலாற்றுச் சங்கம் ஒன்று நகரத்து டிராம்களைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறது. நடுச்சுவரில் வரப்போகும் பெரிய வரைபடம் அவளுடையது. கீழே அவள் பெயர் இருக்கும். எழுபதுகளின் தொடக்கத்தில் தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டு "இனி பஸ்தான்" என்று சொன்ன நகரம், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து மறுபடியும் தண்டவாளம் போட்டு லெட்பேன் என்ற புது டிராமை விட்டிருக்கிறது. அப்படிப்பட்ட நகரத்தின் மனம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பழைய வரைபடங்களை அடுக்கி வைத்துப் பார்த்தால் தெரியும் என்பது அவள் கட்சி.

"இஞ்ச பாருங்கோ..." தாளின் ஓரத்தை மட்டும் விரித்துக் காட்டினாள். சிவப்புக் கோடு ஒன்று, விட்டு விட்டு, மேற்கே போய்க்கொண்டிருந்தது. "இதுதான் நான் தேடினது. இந்தக் கோடு போய் நிக்கிற இடத்திலதான் பிறகு எங்கட தொடர்மாடி கட்டினவை. நான் வளந்த இடம், முழுக்க எங்களை மாதிரி வெளியில இருந்து வந்த ஆக்கள். என்னட்ட இருக்கிற மற்றப் படத்தில விட்டு விட்டுப் போற கோடெண்டா ஒற்றைத் தண்டவாளம். அப்ப டிராம் எங்கட பக்கமும் வந்திருக்கு!"

"அதில என்ன அவ்வளவு சந்தோசம்?"

"ஜிம்னாசியத்தில உயர்தரம் படிக்கேக்க கேப்பினம்... 'நீ ஓகூஸா, இல்லாட்டி அந்தப் பக்கமா?' எண்டு. சிரிச்சுக்கொண்டுதான் கேப்பினம். நானும் சிரிப்பன். இந்தக் கோடு அவைக்கு நான் சொல்லுற பதில்."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கோட்டைப் பார்த்தாள். மழை விட்டிருந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"நாளைக்கில்லை, அடுத்த ஞாயிறு இந்தக் கோடு போற வழியால நடக்கப்போறன். ஏதும் தடயம் இருக்கோ எண்டு பாக்க. வேணுமெண்டா நீங்களும்..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கடவுளே... நானா கேட்டேன்?

"வாறன்," என்றான் அவன், அவள் வசனத்தை முடிக்கும் முன்பே.

அன்று மாலை ஜெனுஷன் தன் பங்குக் கடலை மேசையில் விரித்தான். வரைபடம் வரைகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் சின்னப் பெட்டியை, வீதிகள் இல்லாத வெறும் இடம் பார்த்து வைப்பார்கள். ஓகூஸில் வெறும் இடம் என்றால் கடல்தான். அங்கேதான் அது இருந்தது, விரிகுடாவின் நடுவில், கப்பல் ஒன்று நங்கூரம் போட்ட மாதிரி. தொடர் சிவப்புக் கோடு... ஓடும் பாதை. விட்டு விட்டுப் போகும் கோடு... திட்டமிட்ட பாதை.

அவன் மூன்று முறை வாசித்தான். வாசிக்க வாசிக்க அவள் முகம்தான் வந்தது. அவள் பக்கத்துக்கு டிராம் வரவேயில்லை. வர நினைத்தார்கள், அவ்வளவுதான்.

சொல்லாவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் கண்காட்சிக்கு டிராம் பித்துப் பிடித்த டேனிஷ் தாத்தாக்கள் கூட்டமாக வருவார்கள். அவர்களுக்குத் தெரியும். எழும்பி நின்று சொல்லுவார்கள்... அவள் பெயருக்கு நேரே விரலை நீட்டி. சொல்லத்தான் வேண்டும். எப்போது? ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்பு சொன்னால், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்காது.

இருந்தது. அதுவும் எப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமை! புகையிரத நிலையத்தில் சந்தித்து நடக்கத் தொடங்கினார்கள். சாரங்கிக்குக் கால் தரையில் இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றாள். "இந்த வீட்டு மூலையைப் பாருங்கோ, சரிச்சு வெட்டியிருக்கு! டிராம் திரும்பத்தானே? அந்தச் சுவரில இரும்புக் கொக்கி... டிராம் கம்பியை அதிலதான் கட்டியிருப்பினம்!"

"தெருவிளக்குக் கம்பிக்கும் அப்பிடிக் கொக்கி இருக்கும்."

"எதைச் சொன்னாலும் ஒரு மறுப்பு வைச்சிருக்கிறீங்கள்!"

"கண் சோதிக்கிறவன் அப்பிடித்தான். ஒருக்காப் பாத்துட்டு நம்பமாட்டன்."

"என்னையும் ஒருக்காத்தானே பாத்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு வேகமாக முன்னே நடந்தாள். பின்னால் ஒருவன் வீதி விளக்கில் முட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. திரும்பாமலே சிரித்தாள்.

மேற்கே போகப் போகக் கொக்கிகள் குறைந்தன. மூலைகள் கூர்மையாகின. அவனும் பேச்சைக் குறைத்துக்கொண்டான். தூறல் தொடங்கியது. அவளுடைய தொடர்மாடிகள் தூரத்தில் தெரிந்த ஒரு சந்தியில் அவன் நின்றான்.

"சாரங்கி... இந்த மூலையில டிராம் திரும்பாது. வலு ஒடுக்கம்."

"சின்ன டிராமா இருந்திருக்கும்."

"இல்லை." அவன் கைபேசியை நீட்டினான். கடலின் நடுவே இருந்த பெட்டியின் படம். "இந்தப் பாதை போடவேயில்லை. திட்டம் மட்டும்தான்."

அவள் அதை வாசித்தாள். பிறகு அவனை. "இதை எப்ப பாத்தனீங்கள்?"

"அண்டைக்குப் பின்னேரமே."

"ஒரு கிழமையாத் தெரியும்." கைபேசியை அவன் பக்கமே தள்ளினாள். "தெரிஞ்சுகொண்டு, என்னோட நடந்து, நான் கொக்கி கொக்கியாக் காட்ட... பாத்துக்கொண்டு வந்தனீங்கள். விசரி மாதிரி என்னைத் துள்ளவிட்டு. மேற்குப் பாதியைத் தரேல்ல எண்ட கோவம் இப்ப தீர்ந்துதோ?"

"அப்பிடி இல்லை..."

"எல்லாரும் ஒரே மாதிரித்தான். எங்கட பக்கத்துக்கு ஒண்டும் இல்லை எண்டு சொல்லுறதெண்டா எல்லாருக்கும் அவ்வளவு சந்தோசம்."

அது நியாயமில்லாத பேச்சு. சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டாள். அவன் மழையில் நின்றான். பேருந்து அவன் மேல் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போனது.

திங்கட்கிழமை, வீம்புக்காகவே நகர ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். அவன் பிழை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். அன்று முழுக்கத் தேடியும் அந்தப் பாதையில் ஒரு டிராம்கூட ஓடவில்லை. அவன் சொன்னதுதான் சரி.

இரவு கணினியில் தன் வரைபடத்தைத் திறந்தாள். அந்தச் சிவப்புக் கோட்டின் மேல் விரல் போனது. அழித்துவிடலாம். அழித்தால் மேற்கு வெறும் தாளாகிவிடும், எப்போதும் இருந்த மாதிரி. அவள் அழிக்கவில்லை. கோட்டை அப்படியே விட்டு விட்டுப் போக விட்டாள். பக்கத்தில் எழுதியிருந்த "டிராம் இங்கேயும் வந்தது" என்ற வரியை எடுத்துவிட்டு டேனிஷில் புதிதாக எழுதினாள்: இங்கே வருவதாக இருந்தது. நாங்கள் இன்னும் தரிப்பில் நிற்கிறோம்.

எழுதி முடித்ததும் ஏனோ அழுகை வந்தது. முன்பிருந்ததைவிட இது எவ்வளவோ உண்மை. இதைக் காட்ட வேண்டும் என்று மனம் முதலில் தேடிய ஆள் யார் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்க வெட்கமாக இருந்தது.

அவன் இலக்கம் கைபேசியில் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்டு எழுதும் ஒவ்வொரு வசனமும் பாதியில் நின்றது... பேருந்தில் ஏறிப் போனவள் அவள்தானே? அதனால் எந்தச் சுயமரியாதையுள்ள பெண்ணும் செய்வதைச் செய்தாள். ஞாயிறு நடக்கும்போது அவன் பெயர் சொன்ன கண்ணாடிக் கடையின் இணையப் பக்கத்துக்குப் போய், கண் பரிசோதனைக்கு நேரம் பதிந்தாள்.

வியாழக்கிழமை பெயரைக் கூப்பிட வந்தவன், அவளைக் கண்டதும் பெயரை மறந்துவிட்டான். பிறகு வேலைக்குரிய முகத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டான்.

இருட்டு அறை. அவள் நாடியைத் தாங்கியில் வைத்தாள். இயந்திரத்தின் மறுபக்கத்தில் அவன் முகம், ஒரு சாண் தூரத்தில். வெட்கம் வந்தால் தலையைக் குனிவது பெண்ணின் உரிமை. இந்த இயந்திரத்தில் அதற்கு வழியில்லை.

"நேரா என்னைப் பாருங்கோ," என்றான், கண் சோதிக்கிறவன் குரலில்.

"நீங்கள் சொன்னது சரி."

"நான் இன்னும் ஒண்டும் சொல்லேல்லையே."

"டிராமைச் சொல்லுறன். காப்பகத்துக்குப் போனனான். படத்தையும் மாத்திட்டன். பஸ்ஸில ஏறினது... பிழை."

அவன் வில்லைகளை மாற்றினான். "எது தெளிவு? முதலாவதோ... இரண்டாவதோ?"

"இரண்டாவது. ஏன் ஒரு கிழமையாச் சொல்லேல்ல?"

"சொன்னா ஞாயிறு வரமாட்டீங்கள் எண்டு பயம்."

"பிறகு ஏன் சொன்னனீங்கள்?"

அவன் கை வில்லையிலேயே நின்றது. "கண்காட்சியில எல்லாருக்கும் முன்னால ஆரோ ஒராள் எழும்பி, நீங்கள் பிழை எண்டு சொல்லும். அதை நினைச்சுப் பாத்தன். அதைவிட நீங்கள் என்னோட கோவிச்சுக்கொண்டு போறது நல்லம்."

அறைக்கு வெளியே யாரோ கண்ணாடிச் சட்டங்களைப் போட்டுப் பார்த்துச் சிரிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே அவள் கண்கள் நிறைந்துவிட்டன. துடைக்கக் கையை எடுக்கவில்லை.

"கண் கலங்குது," என்றான் மெதுவாக. "இப்பிடி இருந்தா அளவு பிழைக்கும்."

"பிழைக்கட்டும்."

அவன் இயந்திரத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்தான். இப்போது இடையில் ஒன்றும் இல்லை.

"சாரங்கி, உங்கட ரெண்டு கண்ணிலயும் ஒரு குறையும் இல்லை. கண்ணாடி தேவையில்லை." மூச்சை இழுத்துக்கொண்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதையும் ஒரு கிழமை வைச்சிருந்து சொல்லுவம் எண்டு பாத்தன்... ஏலாது."

அவள் இப்போது தலை குனியலாம். குனியவில்லை. அந்தப் பெரிய கண்கள் நேராக அவனையே பார்த்தன.

"கண்ணில குறை இல்லை எண்டு எனக்குத் தெரியும், ஜெனுஷன். எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான் நேரம் பதிஞ்சனான்."