பெடல் மிதிக்க ஓர் ஆள்

ஸ்பேனரைத் திருப்பியதும் குழாயில் பிரேக் ஆயில் ஓடி வந்தது. அவள் இன்னும் எழுந்துபோய்ப் பெடலை மிதிக்கவே இல்லை.

முதலில் அவளுக்கு அதில் எந்தத் தப்பும் தெரியவில்லை. இந்த வேலையில் ஆயில் அப்படித்தான் வரும். பின்சக்கரத்து பிரேக்கில் செருகிய மெல்லிய குழாய் வழியாக, உள்ளே சிக்கிய காற்று குமிழ் குமிழாக, தேநீர் நிறத்து ஆயிலோடு தரையிலிருக்கும் பாட்டிலில் இறங்கும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் வெளியே ஸ்பேனரோடு குந்தியிருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து மிதிப்பது அவள்தான். வெளியிலிருந்து கணவர் குரல் கொடுப்பார். "அமுக்கு. பிடி. விடு."

இப்போது ஸ்பேனர் அவள் கையில் இருந்தது. ஷெட்டில் வேறு யாரும் இல்லை. கதவு இடுக்கு வழியாக மதிய வெயில் தரையில் நீளமாக விழுந்திருந்தது.

குழாயில் ஆயில் நின்றது. அவள் முடுக்கினாள். மறுபடி தளர்த்தினாள். மறுபடி வந்தது.

அந்தச் சிவப்பு ஹேட்ச்பேக்கை அவர் பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்கென்றே மாற்றிக் கட்டியிருந்தார். பின்சீட்டு, தரைவிரிப்பு, கூரைத் துணி என்று எடை கூட்டியதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு அடித்து, ஸ்பிரிங்கை விறைப்பாக்கி, பெரிய பிரேக் மாட்டினார். கடைசியாக, ஓடும் என்ஜினின் கணக்கைச் சரிபார்க்க மடிக்கணினியோடு இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தவர்தான். அவள் காபியோடு வந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. இதயம் நின்று வெகுநேரம் ஆகிவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அவள் முதலில் செய்தது, சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்ததுதான். அழவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. பசி, தூக்கம், சூடு எல்லாமே பக்கத்து வீட்டில் யாரோ பேசுவது போல எங்கோ கேட்டன. ஒரு வாரம் கழித்து இடப்பக்க சீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, சீட்டைத் தூக்கிக் குப்பை வண்டியில் ஏற்றினாள். பிறகு அவர் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தாள். வேறு என்ன செய்வதென்று கைகளுக்குத் தெரியவில்லை.

"பிடி" என்றாள் இப்போது, பழக்கத்தில். அவர் சொல்வதைப் போலவே.

ஆயில் அழுத்தத்தோடு நின்றது.

அவள் முடுக்கினாள். "விடு."

உள்ளே பெடல் மெல்ல மேலே வரும் சத்தம் கேட்டது. ஸ்பிரிங் முனகல். அந்தச் சத்தம் அவளுக்கு நன்றாகப் பழக்கம்.

பயந்திருக்க வேண்டும். பயம் வருகிறதா என்று காத்துக்கூடப் பார்த்தாள். வரவில்லை. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு அடுத்த சக்கரத்துக்குப் போனாள்.

ஓட்டுநர் பக்க முன்சக்கரம் கடைசி. கதவு திறந்தே கிடந்தது. குந்தியபடி தலையைத் திருப்பினால் பெடல் தெரியும். திருப்பக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திருப்பினாள். யாரும் இல்லை. பெடல் மட்டும் தரைவரை இறங்கி, அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அவர் அவசரக்காரர், எதை மிதித்தாலும் படபடவென்று மிதிப்பார். இது அவசரமே இல்லாத மிதி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கக்கூடிய கால்.

அந்த வித்தியாசம் அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அப்படியே விட்டுவிட்டாள்.

மறுநாள் வண்டியை லாரியில் ஏற்றித் தடத்துக்குக் கிளம்பும்போது நாத்தனாரும் வந்து லாரியில் ஏறிக்கொண்டாள். அண்ணன் போனதிலிருந்து அழுது அழுது முகமே வீங்கிப்போனவள்.

"இந்த வண்டிய வித்துடுங்கன்னு எத்தன தடவ சொல்றது அண்ணி? இதப் பாக்கப் பாக்க வயிறு எரியுது."

"ஒரு தடவ ஓட்டிட்டு வித்துடறேன்."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலயா? ஒரு சொட்டு கண்ணீர்கூட வரலயே உங்களுக்கு."

"வரலம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

தடத்தில் வண்டிகளைச் சோதிக்கும் தொப்பிக்காரர், குனிந்து உள்ளே கையை விட்டுப் பெடலை அமுக்கிப் பார்த்தார். "கல்லு மாதிரி நிக்குது. சுத்தமா காத்தே இல்ல. யாரு கூட சேந்து பண்ணீங்க?"

"வீட்டுக்காரர் கூட."

சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. நாத்தனார் அவளையே பார்த்தாள். முகத்தில் இருந்தது கோபமா ஆசையா என்று அவளுக்குப் புரியவில்லை.

மேகம் மூடிய பகல். தடத்தில் அவளைத் தவிர இன்னும் சில வண்டிகள் ஓடின. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சு, அதற்கு வெளியே வெற்றுத் தகரத்தில் மோதித் திரும்பும் என்ஜின் இரைச்சல், சூடேறும் பிரேக்கின் கரிந்த வாடை. எல்லாம் இருக்க வேண்டியபடி இருந்தன. வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும் வண்டி இடப்பக்கமாக அதிகம் சாய்ந்தது, சீட் இருந்த வெற்றுத் தகரத்தின் மேல் ஓர் ஆள் எடை சரிவதைப் போல. ஒவ்வொரு முறையும் அந்தத் தகரம் 'டக்' என்று உள்வாங்கிச் சத்தமிட்டது. பூட்டி வைத்த அறையில் ஈரத்துணி கிடந்தால் வருமே, அந்த வாடையும் அங்கிருந்து வந்தது.

நேர்ப்பாதை முடிந்து பெரிய வளைவு வந்தது. பிரேக்குக்குக் காலை நகர்த்தினாள். கால் போய்ச் சேருமுன்பே பெடல் இறங்கியது. வண்டி அழகாக வேகம் குறைந்து வளைவுக்குள் நுழைந்தது.

"நீங்களா?" என்றாள் ஹெல்மெட்டுக்குள்.

அடுத்த வளைவிலும் பெடல் முந்திக்கொண்டது. அதற்கடுத்ததிலும். அவள் காலுக்கு அங்கே வேலையே இல்லாமல் போனது. கணுக்காலுக்குக் கீழே சில்லிட்டது. பிறகு முழங்கால்வரை.

அப்போதுதான் வந்தது. அத்தனை நாளாக வராத பயம்.

வண்டிகள் ஒதுங்கி நிற்கும் பிட்டுக்குத் திரும்பும் பாதை தெரிந்தது. சுவர் ஓரமாக நாத்தனார் நின்றாள். அவள் பிரேக்கை அழுத்தினாள். இறங்கவில்லை. அடியிலிருந்து யாரோ உள்ளங்கையால் தாங்கிப் பிடித்திருப்பது போல. முழு பலத்தையும் கொடுத்தாள்.

பிட் பாதை கடந்து போனது.

மறுபடி நேர்ப்பாதை. மறுபடி வளைவு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கப் பார்த்தாள். கால் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கொடிக்காரர்கள் கொடியை ஆட்டினார்கள். மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின. ஸ்டியரிங் திரும்பியது. அவள் கைகள் அதன்மேல் இருந்தன. அவ்வளவுதான்.

இன்னொரு சுற்று. இன்னொன்று.

கத்தினாள். குரல் வெளியே போனதா என்று தெரியவில்லை.

பிறகு என்ஜின் தானாக அணைந்தது. வண்டி சத்தமில்லாமல் உருண்டு, பிட் வாசலில், சுவருக்கு நேராக, ஒரு குலுக்கலும் இல்லாமல் நின்றது.

ஆட்கள் ஓடி வந்தார்கள். தொப்பிக்காரர் முன்னால், முதலுதவிக்காரர்கள் இருவர் அவர் பின்னால். அவள் பெல்ட்டைக் கழற்ற முயன்றாள். விரல்கள் கொக்கியின் மேல் கிடந்தன. அழுத்தம் வரவில்லை.

அவர்கள் அவள் பக்கம் வரவில்லை. சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கக் கதவைத் திறந்தார்கள்.

"பாத்து, பாத்து. தல இடிச்சிடப் போவுது" என்றார் தொப்பிக்காரர், சீட் இல்லாத வெற்றுத் தகரத்தைப் பார்த்து. "மெதுவா எறங்குங்க சார். ஒண்ணும் ஆகல."

முதலுதவிக்காரர் இருவரும் குனிந்து கைகொடுத்தார்கள். அவர்கள் தோள்கள் ஒரு பாரத்துக்கு இறங்கின. வண்டி இடப்பக்கம் லேசாகி மேலே எழும்பியது. நடுவில் ஆள் நிற்கும் அகலத்துக்கு இடம் விட்டு, அந்த இடத்தைத் தாங்கிப் பிடித்தபடி, அடி மேல் அடி வைத்து அவர்கள் நடந்தார்கள்.

"இங்க!" என்றாள் அவள். "நான் இங்க இருக்கேன்!"

யாரும் திரும்பவில்லை.

கண்ணாடிக்கு முன்னால் நாத்தனார் ஓடி வந்தாள். ஒரு கணம் இருக்கையில் கட்டுண்டிருந்தவள் மேல் அவள் பார்வை பட்டு, காலியான வண்டியைப் பார்ப்பது போலக் கடந்து போனது. அழுது வீங்கிய அந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணா!"

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அவள் கைகள் காற்றில் ஒரு முதுகின் அகலத்துக்கு வளைந்து நின்றன. அவள் தலைமுடியை எதுவோ, அவசரமே இல்லாமல், மெல்ல மெல்லக் கோதிக்கொண்டிருந்தது.